விளக்கு மாதா

கடற்கரையில் சிலுவை நிற்கும் குருசடிப் படியில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள் நாம் பதினேழு பேர். இன்று மிச்சம் ஐந்து. அதில் ஒருவருக்குக் கண் போய்விட்டது. ஒருவர் மஸ்கட்டில் மகன் வீட்டு ஏ.சி. அறைக்குள் கிடக்கிறார், போன் போட்டால் எடுப்பதில்லை. என்னையும் கழித்துவிட்டால், இதை வாசித்துவிட்டுத் தப்பு என்று சண்டைக்கு வர நீங்கள் இரண்டு பேர்தான். தாராளமாக வாருங்கள். ஆனால் எண்ணிக்கையில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எதையும் எண்ணிவிடுவது என் வியாதி. தோசையைக்கூட எண்ணுகிறேன் என்று மருமகள் முகம் தூக்குகிறாள்.

போன மாதம் நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். சரித்திரத்தில் பெயர் வாங்கிய பெண்களைப் பற்றியது, ஒவ்வொரு பக்கமும் வண்ணப் படம். ஊரில் மூத்தவன் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கின் முன்னால் நின்று புத்தகத்தைப் பிரித்தேன். நாலாவது படத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் கையில் விளக்கோடு நின்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியர் இரத்த அழுத்தம் என்று நினைத்து எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அழுத்தம் ஒன்றும் இல்லை. நூற்றுமுப்பதுக்கு எண்பதுதான். அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு என் அக்காவை நினைவிருக்கும். இனயத்துக்குப் பக்கத்தில் நம் கரையில் அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை போன ஒரே பெண். கருங்கல்வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் குழித்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த அந்தக் கோடையில் அவளுடைய பெரிய டீச்சர் ஒரு புத்தகத்தை அவளிடம் கொடுத்திருந்தார். திருப்பித் தர வேண்டும், அதற்குமுன் கரையில் உள்ள பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டே நிபந்தனை.

பழைய புத்தகம். அட்டையில் பாதி கிழிந்துபோய், தலைப்பில் கடைசிச் சொல் மட்டும் தப்பியிருந்தது: மாதர். உள்ளே பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு படம். மண்ணெண்ணெயும் பழைய பசையும் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. உப்புக்காற்றில் பக்கங்கள் ஈரித்து ஒட்டிக்கொள்ளும். அக்கா அவற்றை ஊதி ஊதிப் பிரிப்பாள்.

சாயங்காலம் குருசடிப் படியில் அவள் மேல்படி. நாம் கீழே, சிலுவையின் நிழல் நீளும் பக்கமாக. வடக்கத்திப் பெயரும் வெள்ளைக்காரப் பெயரும் நம் வாயில் நுழையவில்லை. நாமே பெயர் வைத்தோம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போன ராணி குதிரைக்காரி. கண்ணும் காதும் இல்லாமல் விரலால் படித்தவள் விரல்காரி. இருட்டில் மினுங்கும் உலோகத்தைக் காய்ச்சி எடுத்தவள் மினுக்கக்காரி. தனியாக விமானம் ஓட்டிக் கடலைத் தாண்டியவள் விமானக்காரி.

விமானக்காரியின் கதை மட்டும் முடிந்த பிறகும் நம்மில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் கடைசியாகப் போனபோது கடலில் காணாமல் போனாள் என்று அக்கா வாசித்தாள்.

"கரையில நிண்ணு தேடினாவளா அக்கா?" என்று கேட்டது மீன்காரியின் மகள்.

"கப்பல் விட்டுத் தேடினாங்க மக்கா."

"கெடச்சாளா?"

"இல்ல."

கடலில் போய்த் திரும்பாதது நமக்குப் புதிதில்லை. ஆனால் அப்படி ஒரு பெண் போகலாம் என்பது புதிது. மறுநாள் மீன்காரியின் மகள் கரையேற்றி வைத்த கட்டுமரத்தின் நுனியில் கைகளை விரித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "ஏட்டி, எறங்கு. மீனு வாங்க ஆளு வந்து நிக்கி, இவ காக்கா மாதிரி நிக்கா!" என்று அவள் அம்மா கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. பிறகு அவள் குவைத்தில் நர்ஸாகி, மூன்று தம்பிகளைக் கரையேற்றியது உங்களுக்குத் தெரியும். அந்தப் படியில் இருந்த ஏழு பெண்பிள்ளைகளில் நாலு பேர் அப்படி வெளியே போனார்கள். கதை சொன்னவளைத்தான் இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

அக்காவுக்குப் பிடித்தவள் வால்நட்சத்திரக்காரி. அண்ணனுக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்துக்கொண்டே தானும் வானத்தைப் பார்த்து, புது வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவள். "அண்ணனுக்கு சோறும் ஊட்டிவிட்டாளாம்லே" என்று அக்கா என் தலையில் தட்டுவாள். "நான் உனக்கு ஊட்டமாட்டேன். பி.யூ.சி.யில கணக்கு எடுப்பேன். நீ எனக்கு ஊட்டு." நாகர்கோவிலில் கல்லூரி, விடுதி எல்லாம் பெரிய டீச்சர் பேசி வைத்திருந்தார். மார்க் வர வேண்டியதுதான் பாக்கி.

இனி அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஜெபங்கள் முழுவதும் மனப்பாடம். ஒருநாள் நெத்தோலி காயப்போட ஆள் தேடிக்கொண்டு குருசடிக்கு வந்தாள்.

"என்னட்டி அது, ஓயாம வாசிக்குத?"

"மாதர் புத்தகம், அம்மா."

"மாதா புத்தகமா?" அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "அப்ப வாசி மக்கா. நெத்தோலிய நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா மறைந்ததும் நாம் பதினேழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். திருத்தவில்லை. திருத்தினால் நெத்தோலிக்குப் போக வேண்டும். அது பெரிய பொய்யாகவும் தோன்றவில்லை. நம் கரையில் மாதாவுக்குப் பல பெயர், பல உருவம். ஒரு ஊரில் கடல்மேல் நிற்பாள், ஒரு ஊரில் மரத்தடியில் தோன்றுவாள், சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் வெள்ளை. எல்லாம் ஒரே மாதாதான். பன்னிரண்டு படத்தையும் பார்த்த அம்மாவுக்கு அதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. குதிரையில் வரும் மாதா ஏதோ வடக்கே உள்ள கோயில் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது படம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. முக்காடு, கையில் விளக்கு, சாந்தமான முகம். கீழே காயம்பட்ட சிப்பாய்கள் வரிசையாகப் படுத்து, அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் கடலில் மிதக்கும் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

"கடல்ல கெடக்கவங்களுக்கு வெளக்கு காட்டுதா, பாத்தியா? வெளக்கு மாதா" என்றாள். அக்கா குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

ஆனி பிறந்தது. அந்த வருடக் கடல் உங்களுக்கு மறந்திருக்காது. விடியும்போது கண்ணாடி மாதிரி கிடந்த கடல், பத்து மணிக்குள் கறுத்து எழுந்தது. போன கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று போனது, பத்து வந்தது. வராதது அப்பாவுடையது.

அடுத்த நாள் மத்தியானம்வரை அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கொட்டும் மழையில் குருசடிக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, நாலாவது படத்தைக் கடலுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டு, கரையே கேட்கக் கத்தினாள்.

"வெளக்கு மாதாவே! எனக்க மாப்பிள்ளைய கரையில கொண்டுவந்து சேரு! எனக்க மூத்தவள உனக்குத் தாறேன்! முழுசாத் தாறேன்!"

அக்கா பக்கத்தில் நின்று அம்மாவின் தலைக்குமேல் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குடை மட்டும் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

அப்பா வந்தார். கொல்லம் பக்கத்து வள்ளக்காரர்கள் கடலிலிருந்து தூக்கி எடுக்க, அந்தக் கரைக்காரர்கள் யாரோ கொடுத்த வேட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உதடு வெடித்து, கை முழுக்கக் கொப்புளம். கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு அவர் சொன்ன முதல் விஷயம் இது.

"ஒரு வெளிச்சம் கண்டேன். அந்தப் பக்கமாவே துடுப்பு போட்டேன். இல்லேண்ணா நான் இல்ல."

அது அந்த வள்ளத்தில் கட்டியிருந்த அரிக்கேன் விளக்கு. அப்பாவே அப்புறம் அதையும் சொன்னார். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

அதே வாரம் மார்க் வந்தது. அக்கா தேறியிருந்தாள், கணக்கில் தொண்ணூற்றிரண்டு. அம்மா கருப்பட்டி உடைத்துக் கரை முழுக்கக் கொடுத்தாள். "மாதாவுக்குக் குடுக்கது கொள்ளாவுன்ன நல்ல பிள்ளையா இருக்கணும்லா?" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். மாதாவுக்குக் கொடுப்பது என்றால் மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர்ப்பது. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அம்மா, அது மாதா இல்ல. மாதர். மாதர்ண்ணா பொம்பளைங்க. இங்க பாரு, கடைசியில ஒரு 'ர்' இருக்கு."

அம்மா அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தாலும் அவளுக்கு அது ஒரு கோடும் ஒரு புள்ளியும்தானே.

"ஒரு எழுத்துக்கு வேண்டியாட்டி எனக்க நேர்ச்சைய முடக்கப் பாக்குத? உனக்க அப்பன் அந்தா இருக்காரு, கண்டியா? அவரு எழுத்தா?"

அக்கா பெரிய டீச்சருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். குடையும் தோல்பையுமாக, கல்லூரி விண்ணப்பத்தோடு, மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து வந்தார். நல்ல மனுஷி. அம்மாவுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்தார். அவர் செய்தது ஒரே ஒரு தப்பு.

"அம்மா, இது மாதா இல்ல. போர்ல அடிபட்டவங்களுக்கு மருந்து கட்டின ஒரு நர்சம்மா. நான்தான் இந்தப் புத்தகத்தக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா? இவுங்க உங்க சபைகூட இல்ல, எங்க சபை."

டீச்சர் குழித்துறைக்கு அப்பால் மிஷன் கோயிலைச் சேர்ந்தவர். அங்கே சிலை, சுரூபம் இல்லை, மாதாவுக்கு மெழுகுதிரி இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். அந்தக் கடைசி வாக்கியம்வரை அம்மா கொஞ்சம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தாள் என்று இன்று தோன்றுகிறது. அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

"டீச்சரம்மா, உங்களுக்கு மாதா இல்ல. அதனால நீங்க எந்த மாதாவக் கண்டாலும் மாதா இல்லேண்ணுதான் சொல்லுவீங்க. அதுல உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல. சாயா ஆறுது, குடியுங்க."

டீச்சர் விண்ணப்பத்தைப் பாயிலேயே வைத்துவிட்டுப் போனார். வாசலில் அக்காவின் தோளைப் பிடித்து, "நான் இன்னும் ஒருதடவை வாறேன்" என்றார். அதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். சாமியார் படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது மாதா இல்லதான். உனக்கு இஷ்டமில்லேண்ணா ஒருத்தரும் உன்ன மடத்துல தள்ள முடியாது. நான் உங்க அம்மாகிட்ட பேசுதேன்."

"இப்ப வாறீங்களா, சாமி?"

"அப்பாவுக்குக் காய்ச்சல் நிக்கட்டும் பிள்ளே. இப்பப் போய்ப் பேசினா நல்லாவா இருக்கும்?"

அவரும் கெட்டவர் இல்லை. நல்ல நேரம் பார்த்தார், அவ்வளவுதான். காய்ச்சல் நிற்கவில்லை. அப்பா நினைவு தப்பி, வெளிச்சம் வெளிச்சம் என்று பிதற்றினார். அம்மா அக்காவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கஞ்சி கொண்டுவந்தாலும் பார்த்தாள், துணி பிழிந்தாலும் பார்த்தாள். மூன்றாம் நாள் அக்கா ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு, "போறேன் அம்மா" என்றாள்.

காய்ச்சல் அதற்கடுத்த நாள் இறங்கியது. இறங்க வேண்டிய நாள்தான் அது என்று கம்பவுண்டர் சொன்னார். கம்பவுண்டர் பேச்சையும் யாரும் கேட்கவில்லை.

அப்போதும் ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடம் நடத்துகிற கன்னியாஸ்திரிகளின் மடத்தில் சேர்த்தால் அவளைப் படிக்க வைப்பார்கள், கணக்கு டீச்சராகவும் ஆகலாம் என்று சாமியார் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அது அவ ஆசைப்பட்டத அவளுக்கே குடுத்தமாதிரி ஆவும் சாமி. முழுசாத் தாறேண்ணு சொல்லியாச்சு. மாதாட்ட பாதிக்கணக்கு பேசப்பிடாது."

அதனால் அவள் போனது கம்பி மடத்துக்கு. உள்ளே போனால் வெளியே வராத மடம். ஜெபமும் மௌனமும்தான் அங்கே வேலை. நமக்கெல்லாம் பன்னிரண்டு பெண்களின் கதையைச் சொன்னவளை, பேசாமல் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டோம்.

போகிற அன்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். பதினொரு கதை முடிந்திருந்தது. மீன்காரியின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னிரண்டாவது ஆளு ஆரு அக்கா?" என்று அழுதாள். "அடுத்த தடவ வரும்போ சொல்லுதேன் மக்கா" என்றாள் அக்கா. அடுத்த தடவை கிடையாது என்பது அவள் ஒருத்திக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அம்மா விளக்குப் படத்தைப் புத்தகத்திலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டு வீட்டுப் பீடத்தில் வைத்தாள். டீச்சருக்குத் திரும்பிப் போகாத மீதிப் பக்கங்களை அடுத்த மழைக்காலம் தின்றது. பன்னிரண்டாவது பெண் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை பார்க்க விடுவார்கள். இரண்டு வரிசைக் கம்பி, நடுவில் ஒரு கை எட்டாத இடைவெளி. அப்பா முதல் வருடம் வந்து, அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு சாகும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. நான் அம்மாவோடு போவேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கம்பிகளைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் இருபத்தாறு, அந்தப் பக்கம் இருபத்தாறு. ஜெயிலுக்குப் போனவனைக் கம்பி எண்ணுகிறான் என்பார்கள். எங்கள் வீட்டில் உள்ளே இருந்தது அவள், எண்ணியது நான். எண்ணுவது எனக்கு வியாதியானது அங்கேதான்.

ஒரு வருடம் கேட்டேன். "பன்னிரண்டாவது ஆரு அக்கா?"

"மறந்துபோச்சு மக்கா" என்று சிரித்தாள். முதல் பதினொன்றையும் வரி மாறாமல் சொல்லக்கூடியவள்.

முப்பது வருடம் போயிற்று. என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பீடத்தின் முன்னால் இருந்த என் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மச்சி! இந்த ஆளு எங்க பாடத்துல இருக்கு! இது நர்சு!"

அதே படம், அதே விளக்கு, அதே முக்காடு. அரசாங்கப் புத்தகம். இதை எந்தச் சபைக்காரர் பேச்சு என்று ஒதுக்க முடியும்? அம்மா என்னைப் பார்த்தாள்.

"மக்கா, பிள்ள சொல்லுதது உள்ளதா?"

"உள்ளதுதான் அம்மா."

அம்மா படத்தைக் கழற்றவில்லை. மெழுகுதிரியை மட்டும் ஊதி அணைத்தாள். முப்பது வருடப் புகையில் அந்தக் கண்ணாடி தேன் நிறமாகியிருந்தது. மறுநாள், "என்ன அவகிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். முறை வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. நான் மடத்துத் தலைவி மதரம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் திரை விலகியது. அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கண்ணாடி போட்டிருந்தாள். அம்மா பேத்தியின் பாடப்புத்தகத்தைப் பிரித்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். புத்தகம் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏட்டி, இது மாதா இல்லியாமே. அப்ப நான் உன்ன ஆருக்குட்டி குடுத்தேன்?"

அக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். பக்கத்தை முழுவதும் வாசித்தாள். அவள் கண்கள் வரிவரியாக ஓடுவது எனக்குத் தெரிந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு வாசித்தாளோ. அன்றைக்கே சொன்னேனே என்று அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுகூட நினைத்தேன்.

"எனக்கும் அறியாது அம்மா" என்றாள் அக்கா. "நானும் மாதாண்ணுதான் நெனச்சேன். அந்த வயசுல எனக்கு ஒழுங்கா வாசிக்கத் தெரியாதுல்லா."

அன்று அவளிடம் சொன்னதை எல்லாம் அம்மா மறந்திருந்தாளா, மறந்ததாக வைத்துக்கொண்டாளா, தெரியவில்லை. அந்த 'ர்', டீச்சர், பாயில் ஆறிய சாயா, எதுவும் அவள் முகத்தில் இல்லை. "உள்ளதாட்டி?" என்று ஒருமுறை கேட்டாள். "உள்ளதுதான் அம்மா" என்றாள் அக்கா. அம்மா நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு இறங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா காலையில் கட்டிக்கொண்டு போன முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அப்போதுதான் சாப்பிடுகிறாள்.

"பாவம், அவளுக்கும் அறியாமப் போச்சு" என்றாள். "அவ்வளவு படிச்சும் என்ன பிரயோசனம், பாத்தியா?"

"ஆமா அம்மா."

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே தென்னைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். எந்த எண்ணில் விட்டேன் என்று தெரியவில்லை. எண்ணிக்கையில் தப்பு கண்டுபிடிக்க முடியாது என்று தொடக்கத்தில் எழுதிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.